முகம் காட்டாதவர்களின் குரல்

பென்சில்வேனியா மாநிலத்தில் ‘பிக் வேலி’ என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே சாலையோரம் நின்றால் மூன்று விதமான குதிரை வண்டிகளைப் பார்க்கலாம். ஒன்றுக்கு வெள்ளைக் கூரை, இன்னொன்றுக்கு மஞ்சள், மற்றொன்றுக்குக் கறுப்பு. ஓட்டிச் செல்பவர்கள் எல்லோரும் ஆமிஷ் மக்கள்தான். ஆனால், வெள்ளைக் கூரை நெப்ராஸ்கா பிரிவு, மஞ்சள் பைலர் பிரிவு, கறுப்பு ரென்னோ பிரிவு. அதே மாநிலத்தின் லங்காஸ்டருக்குப் போனால் கூரை சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும்.

திரையில் வரும் ஆமிஷ் குடும்பமோ பெரும்பாலும் ஒரே அச்சு. தாடி வைத்த அப்பா, வெள்ளைக் குல்லாய் அணிந்த அம்மா, வைக்கோல் தொப்பி போட்ட பிள்ளைகள், பின்னால் பச்சை வயல். 1985-ல் பீட்டர் வியர் இயக்கிய ‘விட்னஸ்’ திரைப்படம் இந்தச் சித்திரத்தை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது. பின்னால் வந்த ஆவணப்படங்கள் பலவும் அதிலிருந்து அதிகம் விலகவில்லை.

நிஜம் அத்தனை எளிதல்ல. 1693-ல் ஐரோப்பாவில் யாக்கோப் அம்மான் தலைமையில் பிரிந்த கிறிஸ்தவக் குழு இது. இன்று வட அமெரிக்காவில் சுமார் 4 லட்சம் பேர். ஏறக்குறைய 20 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறார்கள். எல்லோருக்கும் மேலான தலைமைப்பீடம் கிடையாது. சில பத்துக் குடும்பங்கள் சேர்ந்த ஒவ்வொரு சபையும் ‘ஆர்ட்னுங்’ என்ற தன் விதிமுறையைத் தானே வகுத்துக்கொள்கிறது. பலர் வீட்டில் பென்சில்வேனியா ஜெர்மன் பேச, இண்டியானாவின் ஆடம்ஸ் கவுன்டியில் சுவிஸ் ஜெர்மன் ஒலிக்கிறது. அதே மாநிலத்தின் வடக்கே, காரோட்டாத ஆமிஷ் ஆண்கள் தங்கும் வசதி கொண்ட சுற்றுலா வண்டிகள் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். ‘ஆமிஷ் என்றால் விவசாயி’ என்று நம்புகிற கேமரா இவர்களைத் தவறவிட்டுவிடும்.

கேமராவே அங்கே பெரிய சிக்கல். உருவம் செய்யாதே என்ற வேதக் கட்டளையையும், தற்பெருமை கூடாது என்ற பண்பையும் காட்டி, படத்துக்கு முகம் கொடுக்க ஞானஸ்நானம் பெற்ற பெரியவர்கள் பொதுவாக மறுப்பார்கள். ஆகவே, கேமரா முன் வந்து உட்கார்பவர்கள் பெரும்பாலும் இன்னும் சபையில் சேராத இளையவர்கள் அல்லது வெளியேறியவர்கள். லூசி வாக்கரின் ‘டெவில்ஸ் ப்ளேகிரவுண்ட்’ (2002), சபையில் சேர்வதற்கு முந்தைய ‘ரும்ஸ்ப்ரிங்கா’ எனும் இளமைப் பருவத்தையே பின்தொடர்ந்தது. போதையும் கொண்டாட்டமும் திரையை நிறைத்தன. ஆனால், ஆமிஷ் இளைஞர்களில் 80 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் கடைசியில் சபையில் சேர்ந்து அமைதியான வாழ்க்கையில் இறங்குகிறார்கள். அந்த வாழ்க்கைக்குத் திரையில் கிடைக்கும் இடம் மிகக் குறைவு.

2012-ல் வந்த ‘ஆமிஷ் மாஃபியா’ தொலைக்காட்சித் தொடரோ எல்லை மீறியது. சமூகத்தைக் கொச்சைப்படுத்துகிறது என்று 2014-ல் எழுந்த கண்டனத்தில் பென்சில்வேனியா ஆளுநர் டாம் கார்பெட்டும் சேர்ந்துகொண்டார்.

அதே 2012-ல் டேவிட் பெல்ட்டன் ‘தி ஆமிஷ்’ படத்தில் வேறு வழி கண்டார். ஆமிஷ் மக்கள் பேசுகிறார்கள். முகம் காட்டிப் பேட்டி தருவதில்லை. குரல் ஒலிக்க, திரையில் நிலமும் சாலையும் வேலைகளும் விரிகின்றன. மறுப்பை மதித்ததால் அவர்களின் பேச்சு கிடைத்தது.

ஆனால், மரியாதை என்ற பெயரில் மௌனத்தைக் காப்பாற்றிவிடவும் கூடாது. 2022-ல் வந்த ‘சின்ஸ் ஆஃப் தி ஆமிஷ்’ ஆவணத்தொடரில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். அழகான வயல்காட்சிகளுக்கு நடுவே இந்தக் குரல்களுக்கும் இடம் வேண்டும்.

பிள்ளைகளின் குரல் இன்னும் மெல்லியது. எட்டாம் வகுப்போடு பிள்ளைகளின் படிப்பை நிறுத்தும் ஆமிஷ் பெற்றோரின் உரிமையை 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் தீர்ப்பின் ஒரு பகுதியிலிருந்து விலகி நின்றார். தனக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டாம் என ஒரு சிறுமிதான் சாட்சி சொல்லியிருக்கிறாள். மற்ற பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும் என்பது அவர் வாதம். குடும்ப வாழ்க்கையைப் படமாக்கும் எவரும் அதே கேள்வியோடுதான் அந்த வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.

அப்படி நிற்பவர்கள் முதலில் ‘தி பட்ஜெட்’ வாரப் பத்திரிகையைப் புரட்டலாம். 1890 முதல் ஒஹையோவின் ஷுகர்க்ரீக்கில் இருந்து வருகிறது. ஊர் ஊராக ஆமிஷ் மக்களும் அவர்களோடு வேர் பகிரும் மெனனைட் கிறிஸ்தவர்களுமே அதற்குக் கடிதம் எழுதுகிறார்கள்: மழை பெய்ததா, இந்த ஞாயிறு யார் வீட்டில் ஆராதனை, யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் படுக்கையில் இருக்கிறார்.