மண்வெட்டி, கோடாலிக் காம்புகளுக்கு எண்ணெயிடும் முறை

புதிதாகச் செதுக்கிய மண்வெட்டிக் காம்பிற்கு, வீட்டில் எஞ்சிய விளக்கெண்ணெயையோ கடலை எண்ணெயையோ தடவி வைப்பது நமது கிராமங்களில் வெகுகால வழக்கமாகும். ஒன்றுமிடாமல் விடுவதினும் இது மேலானதே. ஆயினும் இவ்வெண்ணெய்கள் எத்தனை நாளானாலும் உலர்ந்து இறுகுவனவல்ல. மேலே பிசுபிசுத்து நின்று புழுதியை ஈர்க்கும், கையும் வழுக்கும். தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், புங்கெண்ணெய் ஆகியவையும் இவ்வினத்தனவே.

காம்பிற்கு ஏற்றது ஆளிவிதை எண்ணெய். இது காற்றிலுள்ள பிராணவாயுவைக் கிரகித்து, மரத்தின் நுண்துவாரங்களுக்குள் பிசின்போல் இறுகிவிடுகிறது. ஆதலால் மரம் ஜலத்தை உறிஞ்சுவதும் இழப்பதும் மட்டுப்படுகின்றன. இதன் பயன் அழகு மாத்திரமன்று. மழையில் பருத்து வெயிலில் சுருங்கும் காம்பு துளைக்குள் தளர்ந்து, ஓங்கிய கோடாலி கழன்று அருகில் நிற்பவன்மேல் விழ ஏதுவாகும். தளர்ந்த காம்பைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்கும் பழக்கம் விடத்தக்கது. இரும்பிற்குள் பருக்கும் மரநார்கள் நசுங்கி, உலர்ந்தபின் முன்னிலும் தளரும். ஆப்பு வைத்தே இறுக்கல் வேண்டும்.

பெயிண்டுக் கடைகளில் பச்சை எண்ணெய், காய்ச்சிய எண்ணெய் என இருவகையுண்டு. முன்னது உலரப் பல நாட்களாகும். பின்னதில் உலோக உப்புகள் சேர்ந்திருப்பதால் ஏறக்குறைய ஒரு நாளில் உலரும். ஆளிவிதைப் பிண்ணாக்கை மாட்டிற்கு இடுகிறோமேயென்று இக்காய்ச்சிய எண்ணெயைப் புகட்டலாகாது. கடலோரத்தார் படகுகளுக்கிடும் முந்திரிக்கொட்டைத் தோட்டெண்ணெய் கையைக் கொப்பளிக்கச் செய்யுமாதலின் காம்பிற்கு ஆகாது. வார்னிஷோ உரிந்து உள்ளங்கையை உறுத்தும்.

கருவேலங் காம்பாயின் வயிரப்பகுதியையே கொள்க. வெளிமரம் எளிதில் உளுத்துப்போகும். நன்குலர்ந்த காம்பைக் கண்ணாடிச் சில்லால் வழித்து, உப்புத்தாளால் தேய்த்து, வெயிலில் சூடேறிய எண்ணெயைத் துணியால் தேய்க்கவும். கால்மணி நேரம் பொறுத்து, மேலே நிற்பதை முற்றிலும் துடைத்தெடுத்தல் அவசியம். துடையாது விட்டால் பிசுக்கேறும். உலர்ந்தபின் மீண்டும் இடுக. இவ்வாறு மூன்று நான்கு முறை போதும். வெட்டுமுனைகளே ஜலத்தை அதிகம் உறிஞ்சுமாதலால், அவற்றிற்குத் தாராளமாக இடுக. பழங்காம்புகளை ஆண்டுதோறும் சித்திரை வெயிலில் அழுக்குப்போகத் துடைத்து ஒருமுறை தேய்த்தால் போதுமானது.

எண்ணெய் துடைத்த கந்தைகளைச் சுருட்டி மூலையில் எறிதல் பேராபத்து. எண்ணெய் உலருங்கால் உண்டாகும் உஷ்ணம் குவியலுக்குள் அடங்கி, நெருப்பின்றியே தீப்பற்றும். வைக்கோற்போருக்கும் தொழுவிற்கும் அப்பால், ஒவ்வொன்றாய் விரித்துக் கொடியில் உலர்த்துக. அன்றேல் ஜலத்தில் நன்றாக நனைத்துக் குழியிற் புதைத்துவிடவும்.