பிளஸ் ஒன் சேர்க்கை: ஸ்மார்ட் போர்டைப் பார்க்காதீர்கள், நோட்டைப் பாருங்கள்!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் போதும், ஜெயமங்கலம் டீக்கடைகளில் நெல் விலையும் வராக நதித் தண்ணீரும் பின்னுக்குப் போய்விடும். 'புள்ளைய எங்க சேக்கப் போறீக?' என்பதுதான் அடுத்த சில வாரங்களுக்குப் பேச்சு. மேல்மங்கலம், வடுகபட்டி வழியாக பஸ் பிடித்தால் பெரியகுளம். அதைத் தாண்டினால் தேனி. தூரம், ஃபீஸ், குரூப் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வீடுகளில் இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. வீட்டில்தான் எந்நேரமும் போன், பள்ளியிலும் ஸ்க்ரீன்தானா?

பல தனியார் பள்ளிகளின் அட்மிஷன் நோட்டீஸில் ஸ்மார்ட் கிளாஸ், டேப், ஆப் மூன்றும் முதல் வரியிலேயே இருக்கும். அதைப் பார்த்து மயங்குவதும் வேண்டாம், மிரள்வதும் வேண்டாம். ஆனால், கேள்வி கேட்கலாம். உலகமே கேட்டுக்கொண்டிருக்கிறது.

பள்ளிகளில் டிஜிட்டல் கருவிகளை முந்திக்கொண்டு புகுத்திய நாடு ஸ்வீடன். அங்கே நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன், பன்னாட்டு மதிப்பீட்டில் 2016-ல் 555 புள்ளிகள், 2021-ல் 544. கொரோனா காலமும் இடையில் வந்தது என்பதால் பழி முழுவதையும் ஸ்க்ரீன் மீது போட முடியாது. ஆனாலும் அந்த அரசு சும்மா இருக்கவில்லை. அச்சுப் புத்தகம் வாங்குவதற்கென்றே 2023-ல் 68.5 கோடி குரோனர் ஒதுக்கியது. அதே ஆண்டு ஜூலையில் வந்த யுனெஸ்கோ அறிக்கை, கவனம் சிதறிய மாணவர் மறுபடி பாடத்துக்குள் வர 20 நிமிடம் வரை ஆகலாம் என்றது. நம் பள்ளிகளில் ஒரு பீரியடே முக்கால் மணி நேரம்தான்! பெரு நாட்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்களைக் கொடுத்தும், பாடத்தோடு அவற்றை இணைக்காததால் படிப்பு முன்னேறவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

ஸ்வீடன், பெருவை விடுங்கள். நம் பிள்ளை எழுதப்போகும் தேர்வுக்கு வருவோம். பிளஸ் டூ தேர்வு இன்றும் பேனாவும் பேப்பரும்தான். மூன்று மணி நேரம் கை வலிக்க எழுத வேண்டும். இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களில் 100-க்கு 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 20 செய்முறைக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. இரண்டு வருடம் டேப்பில் விரலால் தொட்டு விடை தேர்ந்தெடுத்துப் பழகிய பிள்ளை, ஒரு சூத்திரத்தை வரி வரியாக நிறுவி, பக்கத்தில் படமும் வரைந்து நேரத்துக்குள் முடிக்க முடியுமா?

போர்டில் ஆசிரியர் கணக்குப் போடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் வரி எழுதுவார். நிற்பார். திரும்பி வகுப்பைப் பார்ப்பார். அடுத்த வரி வரும். பிள்ளையின் கையும் கூடவே போகும். நடுவில் அவரே தப்பாக எழுதிவிட்டு அழித்துத் திருத்தினால், அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஸ்லைடில் இந்த வேலையே கிடையாது. கணக்கு முழுசாக வந்து நிற்கும். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தால் இரண்டாவது வரியிலேயே மாட்டிக்கொள்ளும்.

லேப் விஷயம் இன்னும் முக்கியம். பியூரெட்டில் இருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்துவது கைப்பழக்கம். வீடியோவில் பார்த்து வராது. பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது ஸ்மார்ட் வகுப்பறையைக் காட்டுவார்கள். 'கெமிஸ்ட்ரி லேபைப் பார்க்கலாமா?' என்று நீங்கள் கேளுங்கள். மேசையில் கறை இருந்தால் நல்லது. பளபளவென்று இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

கை வேலையோடு சேர்ந்த படிப்பு நம் வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. பக்கத்து திண்டுக்கல் மாவட்டத்தில் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்தின் அடிப்படையே அதுதான்.

அதற்காக, கம்ப்யூட்டர் வாசனையே இல்லாத பள்ளியைத் தேடிப் போய்விடக் கூடாது. பிள்ளை கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுக்கிறது என்றால் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் வரும். புரோகிராமை நோட்டில் மட்டும் எழுதி மனப்பாடம் செய்யும் பள்ளி அந்த குரூப்புக்கு உதவாது. ஜே.இ.இ மெயின் தேர்வும் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பாடத்தை வாசித்துக் காட்டும் செயலி பெரிய துணை. 2018-ல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களில் கியூ.ஆர் கோடு இருக்கிறது. இதயம் சுருங்கி விரிவதை அதில் ஒரு முறை பார்த்தால் படத்தைவிட நன்றாகவே புரியும். கருவி வேண்டிய இடத்தில் வரட்டும். ஆசிரியர் இல்லாத குறையை மறைக்க ஸ்க்ரீன் ஓடுகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. 'இயற்பியலுக்கு ஆசிரியர் யார், எத்தனை வருடமாக இருக்கிறார்?' என்று கேட்பதில் தவறே இல்லை.

இன்னொரு விஷயம். பிளஸ் ஒன் வகுப்புக்கு 2018 மார்ச்சில் வந்த பொதுத்தேர்வு, மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதையொட்டி 2025-26 கல்வியாண்டிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது. அதை லேபுக்கும் லைப்ரரிக்கும் கொடுக்கும் பள்ளியும் இருக்கலாம். பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு நேராக பிளஸ் டூவுக்குத் தாவும் பள்ளியும் இருக்கலாம். அந்தத் தாவலைத் தடுக்கத்தான் அன்றைக்குப் பொதுத்தேர்வே வந்தது. 'பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை எந்த மாதம் முடிப்பீர்கள்?' என்று கேட்டால் பதிலிலேயே தெரிந்துவிடும்.

செலவையும் பேச வேண்டும். டேப் கட்டாயமா? அதன் விலை ஃபீஸுக்குள் வருகிறதா, தனியா? உடைந்தால் யார் பொறுப்பு? வீட்டுப்பாடம் டைரியில் வருமா, வாட்ஸ்அப்பில் வருமா? கடைசிக் கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள். வீட்டில் இருப்பது அப்பாவின் ஒரே போன். அவர் வயலில் இருந்து திரும்பும் வரை பிள்ளை காத்திருக்க வேண்டும். போன் கைக்கு வந்த பிறகு வீட்டுப்பாடத்தோடு நிற்குமா என்பது அம்மாக்களுக்குத் தெரியும்.

இத்தனை கேள்வியையும் பள்ளியில் கேட்கத் தயக்கமாக இருந்தால், சுலபமான வழி ஒன்று உண்டு. அந்தப் பள்ளியில் இந்த வருடம் பிளஸ் டூ முடித்த பிள்ளை உங்கள் தெருவிலேயே இருக்கும். அதன் கணக்கு நோட்டையும், ரெக்கார்டு நோட்டையும், திருத்திக் கொடுத்த டெஸ்ட் பேப்பரையும் வாங்கிப் புரட்டுங்கள். சிவப்பு மையில் வெறும் டிக் மட்டும் இருக்கிறதா, தப்பான வரிக்குப் பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போவதற்குள் கேட்டு வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்!