மரத்தை உக்கச்செய்யும் நொதியங்கள்

காட்டில் வீழ்ந்த மரமொன்று காலப்போக்கில் உக்கி மண்ணோடு மண்ணாதல் யாவரும் கண்டதே. ஆயினும் அம்மரத்தின் கூறுகளுள் ஒன்றைச் சிதைப்பது எத்துணை அரிய செயல் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்கூறு இலிக்னின் ஆகும். மரத்தின் உலர்நிறையில் ஏறக்குறைய 20 முதல் 30 வீதம் வரை இதுவே. கலச்சுவரிலுள்ள செலுலோசுத் தும்புகளைக் கட்டடத்தின் இரும்புக் கம்பிகளுக்கு ஒப்பிடின், அவற்றைச் சூழ்ந்து இறுகிய சீமந்து இலிக்னின் எனலாம்.

செலுலோசு ஒரேவகைச் சீனியலகுகள் ஒரேவகைப் பிணைப்பாற் கோக்கப்பட்ட மாலை போன்றது. ஆகவே அப்பிணைப்புக்கு இசைந்த நொதியங்கள் அதனை ஒழுங்காக அறுத்துச் செல்கின்றன. இலிக்னினோ பலவகைப் பிணைப்புகளால் ஒழுங்கின்றிப் பின்னிக்கிடக்கும் வலையாகும். நொதியத்தைப் பூட்டுக்கேற்ற திறவுகோலாக விளக்கும் வகுப்பறை உவமை இங்கு உதவாது. இப்பூட்டுக்குத் திட்டமான வடிவமேயில்லை.

இவ்விடர்ப்பாட்டை வெண்ணழுகற் பங்கசுக்கள் வேறு வழியால் வென்றுள்ளன. பனரோகீட்டே கிரைசோசுப்போரியம் என்னும் பங்கசிலிருந்து இலிக்னின் பேரொட்சிடேசு என்ற நொதியத்தை அமெரிக்க ஆய்வாளர் 1983ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். மடிசன் நகரத்துக் காட்டுப்பொருள் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த தியென், கேர்க் என்போர் அவருட் குறிப்பிடத்தக்கோர். இரும்பணுவைத் தன்னகத்தே கொண்ட இந்நொதியம் ஐதரசன் பேரொட்சைட்டால் ஒட்சியேற்றப்பட்டபின், இலிக்னினின் வளையமொன்றிலிருந்து ஓர் இலத்திரனைப் பறித்துக்கொள்கின்றது. இலத்திரனை இழந்து நிலைகுலைந்த பகுதி தானாகவே பிளவுறுகின்றது. நொதியம் வெட்டுவதில்லை, வெடிக்கும் நிலைக்குக் கொணர்ந்து விலகிவிடுகின்றது.

1984இல் அறியப்பட்ட மங்கனீசுப் பேரொட்சிடேசு இன்னும் நுட்பமானது. உருவிற் பெரிதாகையால் நொதியம் சிதையாத கலச்சுவரினுள்ளே புகமுடியாது. எனவே மங்கனீசு அயனை ஒட்சியேற்றி, ஒட்சாலிக்கமிலத்தின் துணையோடு அதனைத் தூதாக உள்ளே அனுப்புகின்றது. மூன்றாவதாகிய இலக்கேசு செம்பணுக்களைக் கொண்டது. வளியிலுள்ள ஒட்சிசனே அதற்குப் போதும். யப்பானிய அரக்குமரப் பாலில் யோசிடா என்பார் 1883இலேயே இதனைக் கண்டார். ஆயினும் தனித்து நின்று இலிக்னினின் சிறுபகுதியையே அது தாக்கவல்லது.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. பங்கசு இலிக்னினை மாத்திரம் உண்டு வாழ்வதில்லை. உள்ளேயுள்ள செலுலோசை அடைவதற்கே அத்தடையை நீக்குகின்றது. முற்கூறிய பங்கசோ நைதரசன் அருகியபோதே பெரும்பாலும் அவ்வேலையிற் புகும். செழிக்க ஊட்டினால் நொதியம் சுரக்காத உயிரைத் தொழிற்சாலையாளர் எங்ஙனம் விரும்புவர்? மேலும், பேரொட்சைட்டு மிகின் பேரொட்சிடேசு தானே அழிந்துபோகும்.

குளோரீனால் வெளிற்றும் கடதாசி ஆலைகளின் கழிவில் தயொட்சின் என்னும் நச்சுப்பொருள் உண்டென 1980களில் அறியப்பட்டபோது இந்நொதியங்கள்மீது பெருநம்பிக்கை பிறந்தது. மரச்சீவல்களில் பங்கசைச் சுமார் இரண்டு கிழமை வளர்த்தபின் அரைத்தால் மின்வலுச் செலவு ஏறக்குறைய 30 வீதம் குறையுமெனவும் மடிசன் ஆய்வுகள் காட்டின. எனினும் மலைபோற் குவிந்த சீவல்களைப் பேணிக் காத்திருக்க ஆலைகள் பெரிதும் முன்வரவில்லை. குளோரீனீரொட்சைட்டே பெரும்பாலான ஆலைகளில் இடம்பெற்றது.

வெற்றி எதிர்பாராத இடத்திற் கிட்டியது. நீலக் காற்சட்டைத் துணியின் அவுரிச் சாயத்தை வெளிறச்செய்ய இலக்கேசு 1996இல் விற்பனைக்கு வந்தது. மரத்தை வெல்லும் கருவி உடையலங்காரத்திற் புகுந்தது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆயினும் வெளிற்றும் குளோரீன் உப்புகள் சாயத்தோடு பருத்தித் தும்பையும் நலிவிக்கும். இலக்கேசோ சிறிய துணைமூலக்கூறொன்றின் உதவியுடன் சாயத்தை மாத்திரம் அழிக்கின்றது. ஆதலின் இதனை அற்பமென ஒதுக்குதல் தகாது.

சிதைக்கும் இந்நொதியம் இணைக்கவும் வல்லது. இலத்திரனை இழந்த துண்டுகள் ஒன்றோடொன்று பிணைந்து மீண்டும் பெருமூலக்கூறாதல் உண்டு. செயற்கைப் பசையின்றி மரத்தும்புப் பலகை செய்யும் முயற்சிகள் இவ்வியல்பையே பற்றி நிற்பன. உயிருள்ள மரமும் தன் இலிக்னினை இலக்கேசு, பேரொட்சிடேசு ஆகிய இவ்விரு குல நொதியங்களைக் கொண்டே கட்டியெழுப்புகின்றது.