சீட்டுக் கொப்பி

யாழ்ப்பாணத்தில் கணக்கெழுதிய கை இது. இங்கே இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் பிரான்காச்சோவில் குடியிருந்துகொண்டு, பகலில் வீடு துடைக்கிறேன். இரவில் ஊராருக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அப்படியிருந்தும் ஒரு சீட்டில் 3,000 யூரோ விட்டேன். சீட்டுப் பிடித்த அண்ணை வெகு எளிமையான ஆள். பழைய ஸ்கூட்டர், ஞாயிறு தவறாமல் சாந்தா ரொசாலியா கோயிலுக்கு மலை ஏறுவார். அந்த எளிமையைத்தான் நாங்கள் பிணையாக எடுத்துக்கொண்டோம்.

ஆளைப் பார்த்து மோசடியைக் கணிக்கலாமா? டேவிட்சன், டே, ஸ்மித் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2015இல் அமெரிக்கக் கம்பெனித் தலைவர்களின் சொந்த வாழ்க்கையைத் துருவினார்கள். போக்குவரத்துக் குற்றம் உட்பட ஏற்கெனவே சட்டத்தை மீறியவர்களே பொய்க்கணக்கில் அதிகம் சிக்கியிருந்தார்கள். ஆடம்பரக் கார், படகு வைத்திருந்தவர்கள் தாங்களே மோசடி செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர்களுக்குக் கீழே கட்டுப்பாடு தளர்ந்து, மற்றவர்கள் கை வைத்தார்கள். அப்படியென்றால் அண்ணையின் ஸ்கூட்டர் அவருடைய நேர்மைக்குச் சாட்சியல்ல.

இந்தத் தீவுக்காரர் மிக்கேலே சின்தோனாவின் கதை இன்னும் பெரிது. பாத்தி என்ற ஊரில் பிறந்து, மிலானில் வரி வழக்கறிஞராகி, வங்கிகளை வாங்கினார். பலமுறை பிரதமராக இருந்த ஆந்திரேயோத்தி இவரை லீராவைக் காத்தவர் என்று புகழ்ந்தார். அந்தப் பேருக்குப் பின்னால் யார் கணக்குக் கேட்பார்கள்? நாணயச் சூதாட்டத்தில் வந்த நட்டத்தை மறைத்தார். 1974இல் அவருடைய மிலான் வங்கியும் நியூயார்க்கின் ஃபிராங்க்ளின் வங்கியும் விழுந்தன.

மிலான் வங்கியின் கணக்கைக் கிளறியவர் ஜோர்ஜோ அம்புரோசோலி என்ற வழக்கறிஞர். மிரட்டலுக்கு மசியவில்லை; 1979 ஜூலையில் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதமே, நியூயார்க்கில் வழக்கு நெருங்கும் வேளையில், சின்தோனா 'கடத்தப்பட்டார்'. உண்மையில் ஒளிந்திருந்தது இங்கே, பலெர்மோவில். கடத்தலை நம்பவைக்க, மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு, வைத்தியர் ஒருவரைக் கொண்டே தன் தொடையில் சுடவைத்தார். துணிச்சல் என்று நாம் மெச்சுவதும் இதே குணம்தான்.

1980இல் அமெரிக்காவில் 25 ஆண்டுச் சிறை. 1986 மார்ச்சில், அம்புரோசோலியைக் கொல்ல ஏவியதற்காக இத்தாலியில் ஆயுள் தண்டனை. சில நாளிலேயே சிறையில் குடித்த கோப்பியில் சயனைட் இருந்தது, செத்துப்போனார்.

அம்புரோசோலி சின்தோனாவின் முகத்தைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்தார். கணக்குப் படித்த நான் ஒருமுறைகூட அண்ணையிடம் கொப்பியைக் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு மனம் நோகும் என்றிருந்தேன். நீங்கள் சீட்டுக் கட்டுகிறவரென்றால், அடுத்த தவணைக்கு முன் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.