மின்சாரச் சந்தை!

கத்தரிக்காய்க்குச் சந்தை உண்டு. மின்சாரத்துக்கும் சந்தை உண்டு!

அமெரிக்காவில் உள்ள டெக்சாஸ் மாநிலத்தில், 2002-ம் ஆண்டு முதல் பல கம்பெனிகள் போட்டி போட்டு மின்சாரம் விற்கின்றன. பெரும்பாலான ஊர்களில் மக்கள் பிடித்த கம்பெனியிடம் வாங்கலாம்.

சிலர் அன்றாடச் சந்தை விலைக்கே ஒப்பந்தம் செய்தார்கள். வழக்கமாக யூனிட் சில சென்ட்தான். (100 சென்ட் ஒரு டாலர்.)

2021 பிப்ரவரியில் கடும் பனிப்புயல்! மின் நிலையங்கள் பல உறைந்து நின்றன. லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. புயலுக்கு 246 பேர் பலி என்று அரசு கணக்கிட்டது.

சந்தை விலை யூனிட் 9 டாலர்! விளக்கு எரிந்த சில வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் "பில்" வந்தது.

வீடுகளுக்கு இந்த ஒப்பந்தம் கூடாது என்று அதே ஆண்டு சட்டம் வந்தது.

கத்தரிக்காய் விலை ஏறினால் வாங்காமல் இருக்கலாம். உறைபனியில் வீட்டைச் சூடாக்கும் மின்சாரத்தை வாங்காமல் இருக்க முடியுமா?