அமெரிக்க வகுப்பறையில் வேளாண்மை: முதல் பாடம் ஆசிரியருக்கு

அமெரிக்காவில் 1900-இல் வேலை பார்த்தவர்களில் நூற்றுக்கு 41 பேர் விவசாயத்தில் இருந்தார்கள். 2000-இல் அது 2 பேருக்கும் கீழே போய்விட்டது. இந்த நூறாண்டில் வயலை விட்டு விலகியவர்கள் மாணவர்கள் மட்டுமல்ல, அவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களும்தான். பயிர் நிற்கும் நிலத்தில் கால் வைத்தே பழகாத ஆசிரியர், விவசாயத்தைப் பற்றி எதைச் சொல்லித் தருவார்? அங்கே பள்ளி ஆசிரியர்களுக்கென்றே வேளாண் பயிற்சி நடப்பதற்கு இந்தக் கேள்விதான் காரணம்.

எப்படித் தொடங்கியது?

பள்ளியில் விவசாயம் சொல்லித் தருவது அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1917-இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் உயர்நிலைப் பள்ளிகளில் வேளாண் தொழிற்கல்விக்கு மத்திய அரசின் பணத்தைக் கொடுத்தது. ஆனால் அது விவசாயத்தைத் தொழிலாக எடுக்க நினைத்தவர்களுக்கான படிப்பு. மற்றப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை.

1981-இல், ஜான் பிளாக் வேளாண் துறைச் செயலராக இருந்தபோது, அந்தத் துறை விவசாய அமைப்புகளையும் கல்வியாளர்களையும் வாஷிங்டனுக்கு அழைத்துப் பேசியது. ‘வகுப்பறையில் வேளாண்மை’ என்ற திட்டம் அதிலிருந்து பிறந்தது. 1988-இல் தேசிய ஆராய்ச்சிக் குழு தந்த அறிக்கை, மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை எல்லா மாணவர்களுக்கும் வேளாண்மை பற்றி ஓரளவாவது முறையாகக் கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

தனிப் பாடமா?

இல்லை. கால அட்டவணை ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. தேர்வு நெருக்கடி வேறு. அதனால் கணக்கு, அறிவியல், சமூகவியல் ஆகிய பாடங்களையே விவசாயத்தின் வழியாக நடத்துகிறார்கள்.

ஓர் ஆப்பிள்தான் பூமி என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது ஒரு பாடம். நான்காக நறுக்கினால் மூன்று துண்டு கடல். மீந்த காலில் பாதி, பாலைவனமும் பனியும் மலையுமாக மனிதர் வாழ முடியாத நிலம். மற்றப் பாதியை மீண்டும் நான்காக்கினால், அதில் ஒரே ஒரு துண்டுதான் உழவுக்கு உதவும். முழு ஆப்பிளில் 32-இல் ஒரு பங்கு. உணவு விளையும் மேல்மண்ணோ அந்தத் துண்டின் தோல் மட்டுமே. பின்னக் கணக்கும் புவியியலும் மண் பாதுகாப்பும் ஒரே வகுப்பில் முடிந்துவிடுகின்றன.

பயிற்சியில் என்ன நடக்கிறது?

பல மாநிலங்களில் கோடை விடுமுறையில் சில நாட்கள் முகாம் நடத்துகிறார்கள். ஆசிரியர்கள் பால் பண்ணை, தானியக் கிடங்கு, உணவுத் தொழிற்சாலை என்று சுற்றிப் பார்த்து, விவசாயிகளிடம் நேரில் கேள்வி கேட்கிறார்கள். பிறகு மாணவர் இடத்தில் தாங்களே உட்கார்ந்து சோதனைகளைச் செய்கிறார்கள். ஸ்ட்ராபெர்ரியை நசுக்கி, பாத்திரம் கழுவும் சோப்பும் உப்பும் கலந்து வடிகட்டி, குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றினால், பழத்தின் டிஎன்ஏ வெள்ளை நூலாகத் திரண்டு வரும். தன் கையால் செய்து பார்த்த ஆசிரியருக்கு அதை வகுப்பில் நடத்தத் தயக்கம் இருக்காது.

சுற்றுச்சூழல், பயிரும் கால்நடையும், உணவும் உடல்நலமும், தொழில்நுட்பம், பண்பாடும் பொருளாதாரமும் என ஐந்து தலைப்புகளில், எந்த வகுப்பில் எதைத் தெரிந்திருக்க வேண்டும் என்று தேசிய அளவில் வரையறுத்திருக்கிறார்கள். அதற்கேற்ற பாடக்குறிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது.

செலவு யாருடையது?

சிக்கல் இங்கேதான். திட்டத்தை மாநிலங்கள் தனித்தனியே நடத்துகின்றன. அரசுப் பணத்தோடு, ஃபார்ம் பீரோ என்ற விவசாயிகள் அமைப்பும், பால், இறைச்சி, தானிய உற்பத்தியாளர் அமைப்புகளும் நிதி தருகின்றன. விற்பவரே பாடக்குறிப்புக்குப் பணம் தரும்போது, பூச்சிமருந்து, சாணக் கழிவால் கெடும் நீர், பண்ணைத் தொழிலாளரின் கூலி ஆகியவை உரிய அளவில் பேசப்படுமா என்று விமர்சகர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

அதற்காகத் திட்டமே வேண்டாம் என்பது சரியல்ல. பண்ணை உரிமையாளரோடு கூலித் தொழிலாளியையும் நீரியல் அறிஞரையும் ஆசிரியர் சந்திக்கும்படி முகாம்களை அமைக்க வேண்டும். எல்லாத் தரப்பையும் கேட்டுவந்த ஆசிரியரால்தான் விவசாயத்தை விளம்பரமாக அல்லாமல் பாடமாக நடத்த முடியும்.