தாங்கனீக்கா ஏரியிற் கப்பற் பயணம்

இலங்கை நேயருக்குப் பெரிய நீர்நிலை என்றால் குளமே நினைவுக்கு வரும். பராக்கிரம சமுத்திரத்தைச் சமுத்திரம் என்று பெயரிட்டு அழைத்தாலும், அதன் கரையில் நிற்பவர் எதிர்க்கரையைக் கண்ணாற் காணலாம். ஆபிரிக்காவின் நடுவே கிடக்கும் தாங்கனீக்கா ஏரியோ அத்தகையதன்று. வடக்குத் தெற்காக அதன் நீளம் ஏறக்குறைய 420 மைல். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை இலங்கையின் நீளம் 270 மைல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் பெருமை விளங்கும். ஆழம் ஏறக்குறைய 4,800 அடி. உலகின் ஏரிகளுள் இதனிலும் ஆழமானது சைபீரியாவின் பைக்கால் ஒன்றே. தன்சானியா, கொங்கோ, புருண்டி, சாம்பியா ஆகிய நான்கு நாடுகள் இதன் கரையைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

நிலம் பிளந்து தாழ்ந்த பள்ளத்தாக்கில் இந்த ஏரி உண்டாயிற்று. ஆகவே பல இடங்களில் மலை செங்குத்தாக நீருக்குள் இறங்குகின்றது. மலையடிவாரத்திற் சிறு மணற்பரப்புக் கிடைக்கும் இடங்களிலெல்லாம் ஊர்கள் தோன்றின. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குத் தரைவழியே செல்வதானால் மலையேறி இறங்கவேண்டும். அங்குள்ள மக்களுக்கு ஏரியே தெருவாக அமைந்தது இதனாலேதான்.

பழங்காலத்தில் அந்தத் தெருவில் ஓடியவை பெருமரங்களைக் குடைந்து செய்த தோணிகள். கீழைக் கரையிலுள்ள உஜிஜி என்னும் ஊர், இந்துசமுத்திரக் கரையிலிருந்து வந்த வணிகக் கூட்டத்தார் தங்கும் இடமாக இருந்தது. யானைத்தந்தமும், அதனினும் கொடிய வாணிகமாகிய அடிமைகளும் இவ்வழியே சென்றன. 1858இல் இந்த ஏரியை அடைந்த பேர்ட்டன், ஸ்பீக் என்னும் ஆங்கிலேயர் இருவரும் தோணியிலேயே வடக்கு நோக்கிச் சென்றனர். 1871இல் உஜிஜியிற் சந்தித்த லிவிங்ஸ்ரனும் ஸ்ரான்லியும் அவ்வாறே தோணியேறி ஏரியின் வடமுனைக்குச் சென்று, ருசிசி ஆறு ஏரியிலிருந்து வெளியேறுவதன்று, ஏரிக்குள் வந்து விழுவதே என்று கண்டறிந்தனர். நைல் நதியின் ஊற்று இதுவாகலாம் என்ற ஐயம் அந்தத் தோணிப் பயணத்தாற் பெரிதும் தளர்ந்தது.

கடலோடு தொடர்பற்ற ஏரிக்கு நீராவிக் கப்பல் எவ்வாறு வந்து சேரும்? இக்கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு. கப்பலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கொண்டுவந்து கரையிற் பொருத்தவேண்டும். 1885இல் லண்டன் மிஷன் சங்கத்தார் இறக்கிய சிறு நீராவிக் கப்பலின் பாகங்கள் இவ்வாறே நெடுந்தூரம் சுமந்து வரப்பட்டவை. ஆனால் உண்மையான பயணிகள் கப்பல் ஒன்று வருவதற்குப் புகையிரதப் பாதை வரவேண்டியிருந்தது. அக்காலத்தில் கீழைக் கரை நாட்டை ஆண்ட ஜேர்மனியர், தாருஸ்ஸலாமிலிருந்து ஏரிக்கரையிலுள்ள கிகோமா வரை ஏறக்குறைய 780 மைல் நீளமான பாதையை 1914இல் முடித்தனர்.

பாதை முடியுமுன்னரே கப்பல் தயாராகிவிட்டது. ஜேர்மனியின் பாப்பன்பேர்க் நகரிலுள்ள மேயர் கப்பற் பட்டறையில் 1913இல் அது கட்டப்பட்டது. பின்னர் கழற்றப்பட்டு ஏறக்குறைய 5,000 பெட்டிகளில் அடைக்கப்பட்டது. பெட்டிகள் கப்பலேறித் தாருஸ்ஸலாமை அடைந்து, அங்கிருந்து புகையிரதத்தில் ஏரிக்கரைக்கு வந்தன. பட்டறையிலிருந்து வந்த வினைஞர் மூவர், உள்ளூர்த் தொழிலாளர் பலரின் துணையோடு இரும்புத் தகடுகளை ஆணியறைந்து பொருத்தினர். ஏறக்குறைய 230 அடி நீளமுள்ள அக்கப்பல் 1915 பெப்ரவரியில் நீரில் இறங்கியது. முன்னாள் ஆளுநர் ஒருவரின் பெயரால் ‘கிராவ் வொன் கோட்சன்’ என்று அது வழங்கப்பட்டது.

பயணிகளுக்கென்று பிறந்த கப்பல் போருக்கென்று வாழத் தொடங்கியது. முதலாம் உலகப் போர் அப்போது ஏரிக்கும் வந்துவிட்டது. பிரித்தானியர் இரண்டு சிறு விசைப்படகுகளைக் கேப்ரவுணிலிருந்து புகையிரதத்தாலும் காட்டு வழியாலும் இழுத்துக் கொணர்ந்து, ஜேர்மனியரின் சிறு கப்பல்களுள் ஒன்றைக் கைப்பற்றி, மற்றொன்றை மூழ்கடித்தனர். 1935இல் வெளிவந்த ‘ஆபிரிக்கன் குயீன்’ நாவலுக்கும், பின்னர் 1951இல் வந்த திரைப்படத்துக்கும் இந்த ஏரிப்போரே வித்து என்பர். திரைப்படத்திற் கப்பல் வெடித்துச் சிதறுகின்றது. உண்மையில் நடந்ததோ கதையினும் சுவையானது.

1916 யூலையிற் கிகோமாவைக் கைவிட்டு ஜேர்மனியர் பின்வாங்கியபோது, கப்பல் பகைவர் கையிற் சிக்காதிருக்க அதனை மூழ்கடிக்க வேண்டியதாயிற்று. அந்த வேலை அதனைக் கட்டிய வினைஞரிடமே வந்தது. அவர்கள் அதனைச் சிதைக்கவில்லை. இயந்திரங்கள் துருப்பிடியாதவாறு கொழுப்பைத் தடித்த பூச்சாகப் பூசினர். உள்ளே மணலை நிரப்பி, ஆழம் குறைந்த இடமாகத் தெரிந்து, மெல்ல அமிழ்த்தினர். என்றோ ஒருநாள் யாரேனும் அதனை மேலே எடுப்பர் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்திருத்தல் வேண்டும். இடையிற் பெல்ஜியர் ஒருமுறை தூக்கியெடுத்தபோது புயலில் மீண்டும் மூழ்கியது. 1924இற் பிரித்தானியர் அதனை மீட்டு ஆராய்ந்தபோது, இயந்திரங்கள் பயன்படும் நிலையிலேயே இருந்தன. 1927 மே மாதத்தில் ‘லியெம்பா’ என்னும் புதுப்பெயருடன் அது பயணிகளை ஏற்றத் தொடங்கியது. ஏரியின் தென்பகுதிக்கு வழங்கிய பெயர் என்று லிவிங்ஸ்ரன் குறித்துவைத்த சொல் அது. ஜேர்மனிய ஆளுநரின் பெயர் போய் ஏரியின் பெயரே கப்பலுக்கு வந்தது பொருத்தமே.

அது முதல் கிகோமாவுக்கும் சாம்பியாவின் இம்புலுங்குவுக்கும் இடையே கப்பல் தெற்கும் வடக்குமாக ஓடியது. ஒருவழிப் பயணம் இரண்டு மூன்று நாட்களாகும். முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் இருந்தன. மூன்றாம் வகுப்பினர் மேற்றளத்திலும் கீழ்த்தளத்திலும் கிடைத்த இடத்தில் மூட்டைகளுக்கிடையே படுத்துறங்கினர். ‘டகா’ எனப்படும் சிறுமீன் நெத்தலிக் கருவாடுபோல உலர்த்தப்பட்டு மூட்டை மூட்டையாக ஏறும். அதனோடு சோளமும் அன்னாசிப்பழமும் ஏறும். 1970களில் நீராவி இயந்திரம் நீக்கப்பட்டு டீசல் இயந்திரம் வைக்கப்பட்டது. கப்பலின் உடல் மட்டும் பழையதே. உப்பற்ற நீரில் இரும்பு கடல்நீரிற்போல விரைவில் அரிக்கப்படுவதில்லை என்பது அதன் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம்.

வழியிலுள்ள ஊர்களுட் பெரும்பாலானவற்றில் இறங்குதுறை கிடையாது. கப்பல் ஊருக்கு நேரே ஏரியில் நின்று சங்கூதும். உடனே கரையிலிருந்து மரவள்ளங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்து கப்பலின் விலாவை மொய்க்கும். இறங்குவோரும் ஏறுவோரும் ஒரே கதவில் நெருக்குவர். குழந்தைகளைக் கைமாற்றிக் கொடுப்பர். கோழிக்கூடைகள் தலைக்கு மேலே செல்லும். இது பெரும்பாலும் இரவிலும் நடக்கும். வறண்ட மாதங்களில் தென்கிழக்குக் காற்று எழும்போது வள்ளமும் கப்பலும் ஒன்று ஏறும்போது மற்றொன்று தாழும். தாழும் வள்ளத்தினுள் தாயொருத்தி காலெடுத்து வைக்கும் அந்த நொடியே முழுப் பயணத்திலும் அபாயம் மிக்கது எனலாம். அதனை வேடிக்கையாக வருணிக்கும் பயணநூலார், வேறு வழியில்லாத காரணத்தாலேயே அவள் அவ்வாறு இறங்குகிறாள் என்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

வேறு வழியின்மை எத்தகையது என்பதை அகதிகளின் வரலாறு காட்டும். 1997இல் கொங்கோப் போரினால் ஓடிவந்த 75,000க்கு மேற்பட்டோர் லியெம்பாவில் ஏறித் தம் நாட்டுக்கு மீண்டனர். அதற்கென்று கப்பல் 22 முறை சென்றுவந்தது. 2015 மே மாதத்திற் புருண்டியிலிருந்து தப்பியோடிய பல்லாயிரவர் எல்லையோர ஊராகிய ககுங்காவிற் சிக்கினர். பின்னே செங்குத்தான மலை, முன்னே நீர், நடுவே ஒடுங்கிய கரை. குடிநீரின்றி வாந்திபேதி பரவியது. அவ்வேளை நூறாண்டு நிறைந்திருந்த அதே கப்பல், நடையொன்றுக்குச் சில நூறு பேராக அவர்களைக் கிகோமாவுக்குக் கொண்டுசென்றது. மலைப்பாதையில் நடக்க இயலாத நோயாளருக்கும் முதியோருக்கும் உயிர் தப்பும் வழி நீரிலேயே இருந்தது.

அதன் பின்னர் லியெம்பா சேவையிலிருந்து விலக்கப்பட்டுப் புதுப்பித்தலை எதிர்நோக்கி நீண்டகாலம் கிகோமாவில் நின்றது. கப்பல் நின்றதனாற் பயணம் நிற்கவில்லை. இயந்திரம் பூட்டிய மரவள்ளங்கள் அந்த வேலையை ஏற்றன. இவற்றில் ஏறுவோரின் தொகை பல வேளை ஓட்டியின் துணிச்சலையும் சந்தை நாளையும் பொறுத்தது. 2014 டிசம்பரில் இதே ஏரியின் கொங்கோப் பகுதியிற் பயணிகள் படகொன்று கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அளவுக்கு மீறிய சுமை பெருங்கப்பலையும் விடாது. 1996 மே 21ஆம் நாள் விக்டோரியா ஏரியில் ‘புக்கோபா’ என்னும் கப்பல் முவான்சா நகரை அண்மித்தபோது கவிழ, பல நூறு பேர் உயிரிழந்தனர்.

இப்போது கீழைக் கரைக்கு உள்ளே தார்த்தெருக்கள் நீண்டுவருகின்றன. கரேமா என்னும் ஊரிற் புதிய துறைமுகம் ஒன்று கட்டப்பட்டுள்ளது. தெருவை அண்மித்த ஊரவர் பஸ்சில் ஏறிச் சென்றுவிடுகின்றனர். மலைக்கும் நீருக்கும் இடையே அகப்பட்ட ஊர்களில், நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்பவர் இன்றும் கரைக்கு வந்து, காற்றைப் பார்த்து, வள்ளக்காரரிடம் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று கேட்கின்றனர்.